ஆண்டுக்கு ஒரு வரப்பு

எங்கள் பக்கத்தில் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரியைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் அவன் ஆத்தாளையும் அப்பனையும் இழுத்துப் பேச வேண்டியதில்லை. "வரப்புத்தின்னி" என்ற ஒரு வார்த்தை போதும். அடிதடி வழக்கில் உள்ளே போய் வந்தவன் வீட்டுக்குக்கூடப் பெண் கொடுத்தார்கள். வரப்புத்தின்னி வீடு என்றால் கை நனைக்கவே யோசித்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் செதுக்கிப் புல்லை எடுத்துவிட்டு, செதுக்கிய இடத்தில் வயல் சேற்றை அள்ளி அப்பி மெழுகுவார்கள். யோக்கியமானவன் செதுக்கிய அளவுக்குச் சேறு அப்புவான். வரப்புத்தின்னி கொஞ்சம் கூடுதலாகச் செதுக்குவான், கொஞ்சம் குறைவாக அப்புவான். வரப்பு மெலியும், தண்ணீர் கசியும். கசிவதைப் பொறுக்கமாட்டாமல் பக்கத்து வயல்காரன் தன் பக்கத்தில் சேற்றை அப்பித் தடிப்பாக்குவான். வருடா வருடம் இப்படியே நடந்தால் வரப்பு மெல்ல நகர்ந்து பக்கத்து வயலுக்குள் போய்விடும். யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. இத்தனை பொறுமையாகச் செய்யும் களவு வேறு எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கும் வேப்பங்கண்மாயில் இந்தப் பெயரை வாங்கிய ஒருவரின் மகன்தான் கருத்தக்கண்ணன். சோசலிசத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் லண்டனுக்குப் போகிறார்கள், மாஸ்கோவுக்குப் போகிறார்கள். எங்கள் ஊருக்கு பஸ் வந்த பிறகும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். கருத்தக்கண்ணன் ஒன்றாகச் சேர்த்த வயல்களில் எங்கள் வீட்டு வயலும் உண்டு. இந்த உரிமை எனக்குப் போதும்.

அவருடைய அப்பா தவசி. தவசிக்குக் கர்ணன் என்று ஒரு தம்பி. கண்மாய்க்குக் கீழே இருந்த ஒரே வயலை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து, நடுவில் ஒரு வரப்புப் போட்டு, வரப்பின் தலைமாட்டில் எல்லைக்கு ஒரு அத்துக்கல் நட்டுக்கொண்டார்கள். ஒரு ஐப்பசியில் கண்மாய் உடைந்து வெள்ளம் வரப்புகளை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்ததும் தவசி முந்திக்கொண்டு வரப்பைக் கட்டினார். தம்பியின் வயலுக்குள் தள்ளிக் கட்டினார். கல் எங்கே என்று கர்ணன் கேட்டதற்கு, வெள்ளத்தில் போயிருக்கும் என்றார். வழக்கு ஊருக்கு வந்தது. கருப்பசாமி கோயில் வாசலில் சூடத்தைக் கொளுத்தி, "வரப்பு பழைய எடத்துலதான் இருக்கு" என்று சொல்லித் தவசி அதைக் கையால் அடித்து அணைத்தார். எங்கள் ஊரில் சூடம் அணைத்துச் சொன்ன பிறகு வழக்கு கிடையாது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது. அடுப்புக்கு நெருப்பு வாங்குவதுகூட நின்றது.

கல் வெள்ளத்தில் போகவில்லை. தவசி அதன் காலடியிலேயே குழி பறித்து, அதைச் சாய்த்துப் புதைத்திருந்தார். அப்பா செத்து ஏர் தன் கைக்கு வந்த முதல் உழவிலேயே கருத்தக்கண்ணனுக்கு இது தெரிந்துவிட்டது. ஏரின் கொழுமுனை எதிலோ மோதி 'ணங்' என்றது. குனிந்து சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். செதுக்கிய கல் என்று விரலுக்குத் தெரிந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். அடுத்த சுற்றில் அந்த இடம் வந்தபோது ஏரைத் தூக்கிப் பிடித்து, தாண்டி இறக்கினார். அதற்குப் பிறகு எல்லா உழவிலும் அப்படித்தான். வயலின் தலைமாட்டில் ஒரு சுளகு அகலத்துக்கு உழாத மண் கிடந்தது, அதில் கோரை முளைத்தது.

அவருடைய மனைவி மொக்கம்மாள் கல்யாணமாகி வந்த வருடமே கேட்டார்.

"இங்கன மட்டும் எதுக்கு ஏரத் தூக்குறீக?"

"மாடு மெரளுது."

மொக்கம்மாள் மாட்டைப் பார்த்தார், கோரையைப் பார்த்தார், புருசனைப் பார்த்தார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் எடுக்காத பேச்சுக்குத்தான் கருத்தக்கண்ணன் பயந்தார்.

அந்தப் பக்கம் கர்ணனும் காலமாகி, அவர் மகன் ஒச்சாண்டி உழ ஆரம்பித்தார். கருத்தக்கண்ணனுக்கு இரண்டு மூன்று வயது இளையவர். ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரு வரப்புக்கு இரண்டு பக்கமும் நின்று உழுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

அறுப்பு முடிந்த மாதங்களில் கருத்தக்கண்ணன் வண்டி கட்டிக்கொண்டு போடிக்குப் போவார். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டைகளை ஜெபமணி அண்ணாச்சியின் மண்டிக்குக் கொண்டு சேர்ப்பது வேலை. ஜெபமணி வேதக்காரர், மிஷன் பள்ளியில் நாலு எழுத்து இங்கிலீஷ் படித்தவர். மண்டிக்கு வரும் இங்கிலீஷ் பத்திரிகையை வாசித்துவிட்டு அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். மூட்டை இறங்கி முடியும்வரை வண்டிக்காரர்கள் கேட்டே தீர வேண்டும். 1930 வாக்கில் ஒரு நாள் பேச்சு, எல்லாச் சொத்தும் எல்லோருக்கும் என்று இருந்தால் எப்படி இருக்கும் என்பதில் வந்து நின்றது.

"சீமையில ஒரு மில்லு மொதலாளி, நல்ல மனுசன், அமெரிக்காவுல ஒரு ஊரையே வெலைக்கு வாங்கி நடத்திப் பாத்தாருப்பா. எல்லாம் பொதுன்னு ஒரே நாள்ல வச்சாக. ரெண்டு மூணு வருசந்தான். அடிச்சுப் பிடிச்சு ஆளுக்கு ஒரு பக்கமாப் போயிட்டாக."

"ஏன் அண்ணாச்சி?" என்று கருத்தக்கண்ணன் கேட்டார்.

"உழைக்கிறவனும் சும்மா கெடக்கிறவனும் ஒரே பந்தியில உக்காந்தா வேற என்ன ஆகும்? அதான் இப்ப லண்டன்ல ஒரு கூட்டம் வேற வழி சொல்லுது. ரத்தமும் வேண்டாம், ரகளையும் வேண்டாம். இன்னைக்கு ஊருக்குக் குடிதண்ணிக் குழாய், நாளைக்குத் தெருவெளக்கு, அப்புறம் பள்ளிக்கூடம். ஒண்ணொண்ணா ஊர்ச் சொத்தாக்கிக்கிட்டே வந்தா, ஒரு நாள் திரும்பிப் பாக்கையில எல்லாம் பொதுவாயிருக்கும்கிறாக. ரோமாபுரியில பழைய காலத்துல ஒரு தளபதி இருந்தானாம். நேருக்கு நேரா மோதாம, இழுத்தடிச்சே எதிரிய ஓய வச்சவன். அவன் பேருலதான் சங்கம். ஃபேபியன் சங்கம்."

இழுத்தடிப்பதற்கும் ஒரு சங்கமா என்று வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. மாட்டுக்குத் தவிடு காட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

"அண்ணாச்சி, இந்த வித்த எங்க ஊருல பாட்டன் காலத்துல இருந்தே நடக்குது. அடுத்தவன் மண்ண எடுக்கிறதுக்கு அம்புட்டுப் பொறும இருக்கு. சேக்குறதுக்கு ஏன் இல்ல?"

ஜெபமணிக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. ஏலக்காய்க்காரருக்கு வரப்பைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கருத்தக்கண்ணனுக்குத் தன் கேள்வி நன்றாகப் புரிந்தது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். கண்மாய்க்கும் ஓடைக்கும் நடுவே ஏழு வீட்டு வயல்கள் அடுத்தடுத்துக் கிடந்தன. அவருடையது ஆறாவது, ஒச்சாண்டியுடையது கடைசி. வருடத்துக்கு ஒரு வரப்பை எடுத்தால் ஆறு வருடத்தில் எல்லாம் ஒரே வயல். ஒரே நாற்றங்கால், ஒரே நடவு, ஒரே களம். வரப்பே இல்லாத இடத்தில் அத்துக்கல்லுக்கு என்ன வேலை? அது அங்கே கிடந்தால் என்ன, கிடக்காவிட்டால் என்ன?

அவருடைய பெரிய கனவுக்குள் இந்தச் சின்ன ஆசையும் ஒளிந்திருந்தது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஊர் ஒன்றாக வேண்டும் என்று அவர் மனதார நினைத்தார். அதோடு, சாவதற்குள் ஒரு தடவையாவது ஏரைத் தூக்காமல் தன் வயலை உழுதுவிட வேண்டும் என்றும் நினைத்தார்.

வயல்காரர்களைக் கூட்டிச் சொன்னபோது கிடைத்த மரியாதையை நீங்களே ஊகிக்கலாம். மேல் வயல் பொன்னுராஜ் எழுந்து துண்டை உதறினார்.

"ஒங்கப்பன் ஒரு வரப்பத்தான் தின்னாரு. நீ ஊரு வரப்பப் பூராம் திங்கலாம்னு வந்துட்டியாக்கும்?"

கருத்தக்கண்ணன் கோபப்படவில்லை. பட்டா அவரவர் பெயரிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு வந்தால் போதும், விளைந்ததை அவரவர் நிலத்தின் அளவுக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். "எவனுக்காச்சும் இது ஒத்து வரலன்னா எங்கிட்ட வந்து வரப்பு வேணும்னு கேளுங்க. எடுத்த எடத்துல நானே கட்டித் தாரேன்."

ஊர் மசிந்தது இந்தக் கடைசி வார்த்தைக்குத்தான். ஒச்சாண்டி கூட்டத்துக்கு வரவில்லை. ஆனால் இந்த வார்த்தை அன்றே அவர் காதுக்கும் போய்விட்டது.

முதல் வரப்பு பொன்னுராஜ் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவே இருந்தது. நண்டு வளைகளால் சல்லடையாகிப் போன வரப்பு அது. அதை அடைத்து அடைத்தே இரண்டு வீட்டுக்கும் அலுத்துப்போயிருந்தது. தை அறுப்பு முடிந்ததும் கருத்தக்கண்ணன் முதல் வெட்டுப் போட்டார். இரண்டாவது வெட்டுக்கு மண்வெட்டியை ஓங்கும்போது சங்கிலியம்மாள் குறுக்கே வந்து நின்றார். நடவு நட்டுப் பிழைக்கும் பெண், சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. இரண்டு ஆடு உண்டு.

"வயலு ஒங்களுது. வரப்புல மொளைக்கிற புல்லுதான் எங்களுது. அதையும் பிடுங்கிட்டா எங்க ஆட்டுக்கு நான் என்னத்தப் போட? எல்லாம் பொதுன்னு சொன்னீகளே, எனக்கு என்ன பொது?"

கருத்தக்கண்ணன் ஓங்கிய மண்வெட்டியை இறக்கினார். வரப்பை எடுக்க வேண்டும் என்று அத்தனை நாள் யோசித்தவருக்கு, நிலமில்லாதவர்களுக்கு ஊரில் இருந்த ஒரே உரிமை அந்த வரப்பின் மேல்தான் இருந்தது என்பது தோன்றவே இல்லை. லண்டன்காரர்களுக்கும் இதெல்லாம் தோன்றியிருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். வரப்பு இருந்த இடத்தில் இனி நெல் விளையும். அந்த மண் இதுவரை யார் கணக்கிலும் இல்லாத மண். எனவே அந்த நெல் நடவுப் பெண்களுக்கு என்று முடிவானது. "வரப்பு நெல்லு" என்று அதற்குப் பேரும் வந்தது. அறுப்பு நாளில் சங்கிலியம்மாளே முன்னால் நின்று அளந்து வாங்குவார். ஒரு படி குறைந்தாலும் விடமாட்டார்.

இரண்டாவது வருடம் இரண்டாவது வரப்பு. மூன்றாவது வருடம் பொன்னுராஜுக்கும் மற்றவர்களுக்கும் மனஸ்தாபம் வந்து, தன் வரப்பு தனக்கு வேண்டும் என்று முறைத்துக்கொண்டு வந்தார். கருத்தக்கண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிக் கொடுத்தார். வெட்டியதைவிட நேர்த்தியாகக் கட்டினார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அடுத்த வருடம் தனியாக உழுது, தனியாக நட்டு, தனியாக எலி விரட்டிச் சலித்துப்போன பொன்னுராஜ் தானே அதை வெட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போலக் களத்துக்கு வந்து உட்கார்ந்தார். யாரும் அவரைக் கேலி செய்யக் கூடாது என்று கருத்தக்கண்ணன் சொல்லி வைத்திருந்தார். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்துப்போவது இந்த இடத்தில்தான்.

அவசரம் அவரிடம் கிடையாது. மேல் வயலும் கீழ் வயலும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒரு வரப்பை எடுத்தால் மேட்டு மண்ணைப் பள்ளத்துக்கு இழுத்து, பரம்புப் பலகையால் மட்டம் அடித்து, ஒரு வெள்ளாமை எடுத்துப் பார்த்து, தண்ணீர் சமமாக நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வரப்பைத் தொட முடியும். மதுரையிலிருந்து வந்த தோழர் ஒருவர் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது வெறும் சீர்திருத்தம், புரட்சி வந்தால் ஒரே நாளில் எல்லா வரப்பும் போய்விடும்" என்றார். "வரட்டுங்கய்யா. வந்தாலும் மறுநாளு பரம்பு அடிக்க ஆளு வேணும்ல? நாங்க இங்கனதான் இருப்போம்" என்று சொல்லி அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார் கருத்தக்கண்ணன்.

ஐந்து வரப்புகள் போயின. கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை ஒரே பச்சை. கோம்பையிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வேலை மெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பச்சையின் கீழ்க்கோடியில் ஒரு வரப்பு மட்டும் மிச்சம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது கண்ணில் பட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் தை வந்தது, போனது. மட்டம் சரியில்லை என்றார் கருத்தக்கண்ணன். அதற்கு அடுத்த தையும் வந்தது.

அந்தத் தையில் ஒரு நாள் மொக்கம்மாள் கஞ்சிக் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு வரப்பைப் பார்த்து நின்றார்.

"மேல இருந்து கீழதான் வரணும்னீக. வந்தாச்சு. மட்டம் பாக்கணும்னீக. இந்த ரெண்டு வயலும் ஒங்க தாத்தா காலத்துல ஒரே வயலு. இதுல என்ன மட்டம்?"

கருத்தக்கண்ணன் உழவுகோலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார்.

"மெதுவாப் போறீகளா, இல்ல பயந்துபோயி நிக்கிறீகளா? இத்தன வருசம் ஒங்ககூட இருந்தும் எனக்கு அது வெளங்கல."

கஞ்சியைக் குடிக்காமலேயே எழுந்து ஏர் அருகே போனார் கருத்தக்கண்ணன். வரப்புக்கு அந்தப் பக்கம் ஒச்சாண்டி உழுதுகொண்டிருந்தார். பேச்சு இல்லாத பங்காளிகள் ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் எங்கள் ஊரில் அதற்கு மாடு உண்டு. தன் மாட்டிடம் சொல்கிற மாதிரி, அடுத்தவர் காதில் விழும்படி சொல்வார்கள். கருத்தக்கண்ணன் தன் மயிலைக் காளையின் திமிலைத் தடவிக்கொடுத்தார்.

"ஏலே மயிலை, இந்த ஒரு வரப்புதாண்டா பாக்கி. இதுவும் போயிட்டா கண்மாயில இருந்து ஓட வரைக்கும் எல்லாம் எல்லாருக்கும் பொது. பழச மனசுல வைக்காம வந்து சேந்தா நல்லாருக்கும்ல?"

அந்தப் பக்கம் ஏர் நின்றது. ஒச்சாண்டி தன் செவலைக் காளையின் காதருகே போனார். ஆனால் குரல் வரப்பைத் தாண்டி நன்றாகக் கேட்டது.

"கேட்டியாலே செவலை? களவு போன மாட்டப் பொதுமாடா ஆக்கிட்டா, களவே நடக்கலன்னு ஆயிருமாம்ல."

கருத்தக்கண்ணன் மயிலையின் நுகக்கயிற்றை இழுத்து முடிந்தார். ஒச்சாண்டி செவலையிடம் மேலும் சொன்னார்.

"இருவது வருசமா அந்த எடம் வந்தா ஏரத் தூக்குறதப் பாத்துக்கிட்டேதான் நானும் இங்கன உழுகுறேன். எனக்குள்ளத மொதல்ல எனக்குக் குடுக்கச் சொல்லு. பொறகு நான் பொதுவுல சேக்குறதும் சேக்காததும் என் பாடு. எங்கிட்ட இல்லாதத நான் எப்பிடிலே சேக்க? வரப்பு வேணும்னு கேட்டா கட்டித் தருவாகன்னு ஊரெல்லாம் பேச்சு. எனக்கும் ஒரு வரப்பு வேணும். பழைய எடத்துல வேணும்."

சொல்லிவிட்டு அவர் ஏரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஜெபமணி வாசித்துக் காட்டிய எந்தப் பத்திரிகையிலாவது இந்தக் கேள்வி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பகிர்ந்துகொள்ளலாம் வா என்று கூப்பிடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்திக் கேட்பதற்குத்தான் ஒச்சாண்டி மாதிரி ஆட்கள் போதவில்லை.

கருத்தக்கண்ணன் முதலில் கொதித்தார். ஐந்து வரப்பை எடுத்தவனைப் போய் வரப்புக் கட்டச் சொல்கிறானே என்று வீட்டில் இரண்டு நாள் சத்தம் போட்டார். அவர் கோபத்துக்குள் பயம்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் செத்துப்போன அப்பா ஊரறியப் பொய்ச் சத்தியம் செய்தவர் ஆவார். வரப்புத்தின்னி மகன் என்பது போய், சாமி முன்னால் பொய் சொன்னவன் மகன் என்று ஆகும். அப்படிப்பட்டவனோடு சேர்ந்து நெல் விளைவிக்க மற்ற வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்களா? கட்டிய வயல் முழுவதும் கலைந்து போகலாம். மொக்கம்மாள் எல்லாச் சத்தத்தையும் கேட்டுவிட்டு, "கட்டித் தாரேன்னு சொன்னது நீங்கதான?" என்று மட்டும் கேட்டார். சத்தம் அதோடு நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் கருப்பசாமி கோயில் வாசலுக்கு ஊரைக் கூப்பிட்டார். அப்பா அணைத்த அதே இடத்தில் ஒரு கட்டி சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"எங்கப்பா இங்கன அணைச்சது பொய்ச் சத்தியம். கல்லு வெள்ளத்துல போகல. எங்க வயல்லதான் கெடக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இத்தன வருசம் உழுதேன்."

சூடத்தை அவர் அணைக்கவில்லை. கைகட்டி நின்று, அது தானாக எரிந்து கறுத்து அடங்கும்வரை பார்த்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பொன்னுராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். திட்டப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "கடப்பாறை எங்க வீட்டுல இருக்கு" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காக, அவர் அதற்கு முன்னால் பேசிய அத்தனை பேச்சையும் நான் மன்னித்துவிட்டேன்.

கல்லைத் தோண்டி எடுத்து, இருந்த இடத்திலேயே நிமிர்த்தி நட்டார் கருத்தக்கண்ணன். தவசி கட்டிய வரப்பை வெட்டி, அந்த மண்ணையே சுமந்து வந்து, கல்லுக்கு நேராகப் புது வரப்புப் போட்டார். உதவிக்கு மொக்கம்மாளைத் தவிர வேறு யாரையும் விடவில்லை. அப்பா எடுத்ததை ஊர் சேர்ந்து திருப்பித் தரக் கூடாது என்பது அவர் எண்ணம். பக்கத்து ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். வரப்பே கூடாது என்றவர் கடைசியில் வரப்புக் கட்டுகிறார் என்றால் சிரிக்கமாட்டார்களா? ஒச்சாண்டி தன் வயலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாட்டிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் போகம் தனக்குத் திரும்பி வந்த மண்ணைச் சேர்த்து உழுது நட்டார்.

"இப்பக் கேட்டுப் பாக்கலாம்ல?" என்றார் மொக்கம்மாள்.

"கேக்க மாட்டேன். அது அவன் வயலு."

அடுத்த போகத்துக்கு நடவு வந்தது. காலையில் மண்வெட்டியோடு போன கருத்தக்கண்ணன் வரப்பருகே நின்றுவிட்டார். ஒச்சாண்டி தன் பக்கத்தை முன்பே செதுக்கியிருந்தார். வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செதுக்கியிருந்தார். செதுக்கிய இடத்தில் ஒரு கைச் சேறு அப்பவில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. மொக்கம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாத்தீகளா? குடுத்தும் நெறையல. வரப்பத் திங்க ஆரம்பிச்சுட்டாரு."

அவர் குனிந்து, தங்கள் பக்கத்தில் அப்பச் சேற்றை அள்ளினார். பரம்பரையாகச் செய்து வந்தது அதுதான். கருத்தக்கண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். வரப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, ஒச்சாண்டி செதுக்கிய அதே அளவுக்குத் தன் பக்கத்தையும் செதுக்கினார். சேறு அப்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்கடுத்த போகத்திலும் அப்படியே நடந்தது. அவர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். ஒருவர் காலையில் வந்தால் மற்றவர் வெயில் தாழ வருவார். ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. வரப்புத்தின்னிகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் தின்றும், நகராமல் நின்ற இடத்திலேயே இளைத்துக்கொண்டு போகும் வரப்பை யாரும் பார்த்ததில்லை. சீமையில் யுத்தம் தொடங்கி, மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் திண்டாட்டம் வந்து, எங்கள் ஊர்ப் பையன்கள் பட்டாளத்தில் சேர்ந்து போனார்கள். வரப்பு அது பாட்டுக்கு மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் அதன்மேல் நடந்து போவதற்குக்கூடத் தைரியம் வேண்டியிருந்தது.

இந்தப் பொது வயல் நிலைத்ததா என்று கேட்பவர்கள் உண்டு. கருத்தக்கண்ணன் இருந்தவரைக்கும் நிலைத்தது, அவருக்குப் பிறகும் கொஞ்ச காலம் நிலைத்தது. பிறகு பேரன்கள் காலத்தில் பாகம் பிரிந்து வரப்புகள் திரும்பி வந்தன. அதனால் அது தோற்றுப்போனது என்கிறார்கள். ஏழு வீட்டில் ஒரு தலைமுறை வெட்டுக்குத்து இல்லாமல் சாப்பிட்டதையும், சங்கிலியம்மாள் மகள் வரப்பு நெல்லை விற்று ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்ததையும் தோல்வி என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

வரப்பு அப்படி மெலிந்து நின்ற வருடம் மழை நன்றாகப் பெய்து, கண்மாய் நிரம்பி மறுகால் போனது. ஒரு விடியற்காலையில் கருத்தக்கண்ணன் வயலுக்குப் போனபோது வரப்பு இருந்த இடத்தில் வரப்பு இல்லை. ஊறிக் கரைந்து போயிருந்தது. இரண்டு வயல் தண்ணீரும் ஒரே மட்டத்தில் அசையாமல் நின்றது. அத்துக்கல் மட்டும் தலைமாட்டில் தனியாக நின்றது. எதிரே ஒச்சாண்டியும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவர் செவலையைத் தேடினார், அன்று அதை ஓட்டி வரவில்லை. பிறகு நேராகக் கருத்தக்கண்ணனைப் பார்த்தார்.

"பெரியப்பா செதுக்குனத விட நீ நல்லாச் செதுக்குறண்ணே."

முப்பது வருடத்துக்குப் பிறகு வந்த 'அண்ணே' அது. பொய்ச் சத்தியம் செய்த மனிதரையும் அவர் பெரியப்பா என்றே சொன்னார். கருத்தக்கண்ணன் வேட்டி நனைய அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து, சிறுபிள்ளை மாதிரி அழுதாராம். மொக்கம்மாளே சொல்லியிருக்கிறார்.

இரண்டு பேரும் சேர்ந்து கல்லைப் பிடுங்கினார்கள். வாய்க்கால் ஓரத்தில், கால் கழுவ ஏதுவாகப் படுக்கப் போட்டார்கள். பிறகு வீட்டுக்குப் போய் மாடுகளை ஓட்டி வந்து இரண்டு ஏரையும் பூட்டினார்கள். முன் ஏர் அண்ணனுடையது, பின் ஏர் தம்பியுடையது. தலைமாட்டுக்கு வந்ததும் கருத்தக்கண்ணனின் கை பழைய வழக்கத்தில் தானாகவே ஏரைத் தூக்கியது.

பின்னாலிருந்து ஒச்சாண்டி சத்தம் போட்டார்.

"அமுக்குண்ணே. அங்கன ஒண்ணுமில்ல."

கருத்தக்கண்ணன் அமுக்கினார். ஏர் நேராகப் போனது.